காம்போதி பாடியவர் யார்?

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவைத் திருகிவிட்டு, இரவு பதினொன்றுக்கு நிலையம் மூடுகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே கிடந்து பழகாதவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பாவமாக இருக்கிறது. "இவருக்கு ரேடியோ என்றால் பித்து" என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். பித்துதான், ஒப்புக்கொள்கிறேன். சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கச்சேரி கேட்டிருக்கிறேன். கேன்டீன் ரவா தோசைக்காகவே சில கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். நல்ல நல்ல நாடகங்களை மேடையில் பார்த்திருக்கிறேன். அத்தனையும் சேர்த்தாலும், 1982 மார்கழியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கழிந்த ஒரே ஒரு சாயங்காலத்துக்கு உறை போடக் காணாது.

எங்கள் ஊர் திருவையாற்றிலிருந்து நாலு மைல். தியாகராஜ ஆராதனைக்கு வரப்பு வழியாக நடந்தே போய்விடலாம். ஆனால் தாத்தா போக மாட்டார். பகுள பஞ்சமி காலையில் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். "அங்கே போனா பக்கத்துல இருக்கிறவன் பேசுறதுதான் காதுல விழும். இங்கே அஞ்சு ரத்தினமும் நேரா மடியில வந்து விழுது" என்பார். நாலு மைலில் நடக்கிற பாட்டு திருச்சிக்குப் போய், அங்கிருந்து வானத்தில் ஏறி எங்கள் கூடத்துக்குத் திரும்பி வரும். இதில் அவருக்கு எந்த விசித்திரமும் தெரிந்ததில்லை. எனக்கும் தெரிந்ததில்லை.

நெல் மண்டியில் கணக்கு எழுதியவர் தாத்தா. அவர் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் அந்த மர்ஃபி வால்வு ரேடியோ. ஆள் உயரத்தில் பலகை அடித்து, அத்தை பின்னிய துணி போட்டு வைத்திருந்தது. குமிழைத் திருகினால் உடனே பாடாது. முதலில் அளவுப் பட்டையில் மஞ்சள் விளக்கு எரியும். அரை நிமிஷம் ஒன்றுமே இருக்காது. பிறகு தூரத்தில் மாடு உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம், நிலையம் சிக்கியதா என்று காட்டுகிற பச்சைக் கண் மெல்ல விரியும். நிலையம் சரியாகச் சிக்கினால் கண் மூடி ஒட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் தபாலாபீசில் 15 ரூபாய் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்குவதும் தாத்தாவின் வேலைதான். நில வரி ஒருநாள் தள்ளிப்போனாலும் போகும், இது போகாது.

"திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம். மத்திய அலை 320.5 மீட்டர், அதாவது 936 கிலோ ஹெர்ட்ஸ்." இந்த வாக்கியத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன். 1939 மே 16-ல் தொடங்கிய நிலையம் அது. சென்னை நிலையம் அதற்குப் பதினொரு மாதம் மூத்தது. சென்னையில் அதற்கும் முன்னாலேயே, 1924-ல், கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சங்கம் வைத்துச் சொந்தச் செலவில் ஒலிபரப்பி, பணம் தீர்ந்து மூடிவிட்டார்கள். பிறகு மாநகராட்சி அந்தக் கருவியை வாங்கி 1930-லிருந்து சாயங்காலம் சாயங்காலம் நடத்தியது. ஆக, நம் பக்கத்தில் ரேடியோ என்பது பிறவியிலேயே சாயங்காலச் சரக்கு. அதற்குத் தோதாக இயற்கையும் ஒத்துழைக்கிறது. பகலில் வானத்து மேலடுக்கு ஒன்று மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, பகலில் முனகிக்கொண்டிருந்த நிலையமெல்லாம் எழுந்து வரும். கொழும்பு வரும், ஹைதராபாத் வரும், என்ன பாஷை என்றே தெரியாத ஏதோ ஒன்று வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுகிற சுகம் இருக்கிறதே!

அன்றைக்குச் சனிக்கிழமை. அரைப் பரீட்சை முடிந்த வாரம், எனக்குப் பதிமூன்று வயது. மழை பொய்த்த வருஷம் என்பதால் மாநிலச் செய்தியில் மேட்டூர் அணை நீர்மட்டம் சொல்லும்போது கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. விவசாய நிகழ்ச்சியை எங்கள் ஊரில் பொழுதுபோக்காக யாரும் கேட்டதில்லை. ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்த ஜில்லா எங்களுடையது. அந்த விதையைப் பற்றி ரேடியோவில் கேட்டுத்தான் தஞ்சாவூர்க்காரர்கள் விதைத்தார்கள். ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி. அந்தக் குரலுக்கு ஒரு மிடுக்கு உண்டு. போர் வந்தாலும் புயல் வந்தாலும் ஒரே நிதானம்தான். செய்தி கேட்டு முடித்தால் நாமே நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

பிறகு ஒரு பேச்சு. கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரப் பேச்சை இன்றைக்கும் நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன். மேடையில் மைக் கிடைத்தால் நம் ஆட்கள் ஒன்றரை மணிக்குக் குறைந்து இறங்குவதில்லை. வானொலியில் கடிகாரம் பிடரியில் கை வைத்துக்கொண்டிருப்பதால், எழுதி வைத்து, நறுக்கி, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே நிகழ்ச்சி தயாரித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தி. ஜானகிராமன் சென்னை வானொலியில் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். அகிலனும் மீ.ப. சோமுவும் வானொலி உத்தியோகஸ்தர்கள். கூலி கொடுத்து இப்படி ஆட்களை வைத்து எந்த ராஜா சபை நடத்தினான்?

அன்றைய பேச்சு நரசிங்கன்பேட்டையைப் பற்றி. கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற சாலையில் இருக்கிற ஊர். நாகஸ்வரம் செய்கிற ஊர். பேசினவர் ஏதோ பேராசிரியர், பேர் நினைவில்லை. நாயனத்துக்கு ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் புது மரம் உதவாது, பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற உத்தரமும் தூணும்தான் ஆகும், பல வருஷம் காய்ந்த கட்டையில்தான் நாதம் நிற்கும் என்றார். குட்டையான திமிரி நாயனம் போய், சுருதி இறங்கின நீளமான பாரி நாயனம் வந்த கதையைச் சொன்னார். அதை ரசிகர்கள் மனதில் உட்கார வைத்தவர் பக்கத்து ஊரான திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றும், அவருக்காக நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளின் கணக்கை மாற்றி மத்திமத்தைச் சுத்தமாகப் பேச வைத்தார் என்றும் சொன்னார். நடுவில் ஆசாரி பட்டறையிலேயே பதிவு செய்த சத்தம் வந்தது. கடைசல் சுழல்கிற சத்தம், உளி கட்டையைச் சீவுகிற 'கிர்ர்ர்'. பத்து நொடி இருக்கும். எனக்கு மரத்தூள் வாசனையே வந்துவிட்டது.

பேச்சு முடிந்ததும் தாத்தா அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "நம்ம வீட்டு உத்தரம் ஆச்சாதான்டா தம்பி. எங்கப்பா சொல்லியிருக்கார்" என்றார். நான் நாற்காலி போட்டு ஏறி விரலால் தட்டிப் பார்த்தேன். சுருதி சுத்தமாக இருந்ததாகத்தான் பட்டது. (பின்னால் வீட்டை இடித்தபோது ஆசாரி பார்த்துவிட்டு "இது இலுப்பை" என்று சொல்லிவிட்டார். தாத்தா அதற்குள் காலமாகிவிட்டது நல்லதாயிற்று.)

எட்டு மணிக்கு நாடகம். வானொலி நாடகத்தைப் பற்றி ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது என்பதால் அடக்கிக்கொண்டே சொல்கிறேன். உலகத்திலேயே செலவில்லாத பிரம்மாண்டம் அதுதான். சோழ ராஜா யானை மேல் வர வேண்டுமா? ஒரு மணி, நாலு பேர் 'வாழ்க', முடிந்தது. மழை, கடல், சுடுகாடு எல்லாம் காதிலேயே எழும்பும். சுகி சுப்பிரமணியன் போன்றவர்கள் இதற்கென்றே எழுதிப் பழகினார்கள். மாதம் ஒருமுறை அகில பாரத நாடகம் என்று, ஒரே நாடகத்தை எல்லா மொழிகளிலும் பெயர்த்து ஒரே இரவில் ஒலிபரப்புவார்கள். பெரியவனான பிறகு ஒரு வானொலி நிலையத்தில் நாடகக் கூடத்தைப் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. நடுக்கூடத்தில் நிலைச்சட்டத்தோடு ஒரு சின்னக் கதவு, எந்தச் சுவரையும் தொடாமல் தனியாக நின்றது. நாதாங்கி, பூட்டு, எல்லாம் சரியாக இருந்தது. நான் அதுவரை கேட்ட நாடகங்களில் எத்தனையோ பிள்ளைகள் கோபித்துக்கொண்டு இந்த மாதிரி ஒரு கதவைச் சாத்திக்கொண்டுதான் வெளியேறியிருப்பார்கள். பக்கத்தில் குதிரைக்கு இரண்டு கொட்டாங்கச்சி, இடிக்கு ஒரு தகரம். கும்பிடத் தோன்றியது.

அன்றைய நாடகத்தின் பேரும் மறந்துபோயிற்று. கதை சாதாரணம்தான். சொத்துப் பிரிக்க வந்த மூன்று பிள்ளைகள், கூடத்தில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிற அப்பா. அப்பாவுக்கு மொத்தமே பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். ஆனால் அரை மணி நேரமும் அந்த ஊஞ்சல் கிறீச், கிறீச் என்று ஆடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் குரல் உயர்ந்தால் ஊஞ்சல் வேகமாகும். யாராவது அம்மாவின் நகையைப் பற்றிப் பேசினால் தயங்கும். கடைசியில் மூவரும் கிணற்றங்கரை யாருக்கு என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். கிறீச் மெதுவாகிறது. இன்னும் மெதுவாகிறது. நிற்கிறது. பிள்ளைகளில் ஒருவரும் கவனிக்கவில்லை, சண்டை நடந்துகொண்டே இருக்கிறது.

"போயிட்டார்" என்றாள் பாட்டி.

நாடகத்தில் யாரும் அதைச் சொல்வதற்கு முன்னால் சொன்னாள். எங்கள் வீட்டு ஊஞ்சலில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி அதை நிறுத்திவிட்டாள். மேடையிலோ திரையிலோ இந்தக் காட்சியை வைத்தால் தலை சாயும், கை தொங்கும், பின்னணியில் வயலின் அழும். இங்கே ஒரு சத்தம் நின்றது, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இதைவிட நல்ல சாவு ஒன்றை நான் நாடகத்தில் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பீப், பீப். தாத்தா சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முள்ளைச் சரி செய்வார். ஆங்கிலச் செய்தியை அவர் கேட்டது அதற்காகத்தான். அதற்குள் போஸ்ட்மாஸ்டரும் தமிழ் வாத்தியாரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. 1952-லிருந்து நடக்கிற கைங்கரியம் அது. அப்போது செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்த கேஸ்கரைச் சினிமாப் பாட்டுக்காரர்கள் திட்டாத நாளில்லை. வானொலியில் சினிமாப் பாட்டை அவர் ஒடுக்கப்போய், நேயர்கள் கூட்டமாகச் சிலோன் ரேடியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசியில் 1957-ல் விவித் பாரதி தொடங்க வேண்டி வந்தது. அந்த விஷயத்தில் அவர் செய்தது தப்புதான். ஆனால் இந்தச் சனிக்கிழமைக் கச்சேரிக்காக அவருடைய எந்தத் தப்பையும் நான் மன்னிப்பேன். ஒரு வாரம் கர்நாடகம் வந்தால் இன்னொரு வாரம் ஹிந்துஸ்தானி வரும். ஆரம்பத்தில் "என்னடா, ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டாவி விடுறான்" என்ற தாத்தா, நாலு வருஷத்தில் மால்கௌன்ஸ் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிற ஆளாகிவிட்டார். பிஸ்மில்லா கானின் ஷெனாயைப் பாட்டி "வடக்கத்தி நாயனம்" என்பாள். அந்த வித்வானைத் தன் பிறந்த ஊர்க்காரர் மாதிரிதான் விசாரிப்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. பாடுவது யார் என்று பேப்பரில் பார்க்கக் கூடாது. முதல் அறிவிப்பின்போது தாத்தா ஒலியைக் குறைத்துவிடுவார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி அறிவிப்பில் விடை. தோற்றவர் மறுநாள் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

ஒன்பது இருபத்தெட்டுக்குக் கரண்ட் போயிற்று.

மஞ்சள் விளக்கு அணைந்து, பச்சைக் கண் சாம்பலாகிப் போனதை இருட்டில் பார்த்தேன். "டிரான்சிஸ்டரை எடுடா!" அதில் செல் இல்லை. டார்ச்சிலிருந்து உருவினேன். பாட்டி இரண்டு நாளாக ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்திருந்த பழைய எவரெடி செல்கள் அவை. மத்திய அலைக்கு வெளியே இழுக்கிற ஏரியலால் பிரயோஜனமில்லை, பெட்டியையே திருப்ப வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் கொழும்பு பாய்கிறது, கொஞ்சம் சாய்த்தால் இரைச்சல். இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் திருச்சி சிக்கியது. அப்போது வர்ணம் முடிந்து, தம்பூரா மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தம்பூராவுக்காகவே வானொலிக் கச்சேரி கேட்கலாம். கைதட்டல் கிடையாது. எழுந்து போகிறவர் கிடையாது, காலைத் தட்டிக்கொண்டு வந்து உட்காருகிறவர் கிடையாது. ஒரு பாட்டு முடிந்ததும் நாலைந்து நொடி தம்பூரா தனியாக ஓடும். மிருதங்கக்காரர் கல்லால் இரண்டு தட்டுத் தட்டிச் சேர்த்துக்கொள்வார். பாடகர் மூச்சை இழுப்பது கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்தாலும் இவ்வளவு பக்கத்தில் உட்கார முடியாது.

பிறகு காம்போதி. முதல் பிடியிலேயே தமிழ் வாத்தியார் தொடையில் அடித்துக்கொண்டார். பாடினவர் அவசரப்படவில்லை. பஞ்சமத்தில் வந்து உட்கார்ந்து, தைவதத்தை லேசாக ஓர் ஆட்டு ஆட்டி, மேல் ஷட்ஜத்தைத் தொடப்போகிறவர் மாதிரி போய், தொடாமல் திரும்பினார். மறுபடி போனார், மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை ஸ-நி-ப-த-ஸ என்று அந்த ராகத்துக்கே உரிய குறுக்கு வழியில் ஏறி மேலே நின்றபோது, போஸ்ட்மாஸ்டர் "அடடா" என்றது திண்ணைக்குக் கேட்டிருக்கும். இருட்டில் ஒருவர் முகமும் தெரியவில்லை. ஒரு டிரான்சிஸ்டர், அதைச் சுற்றி ஐந்து தலை. ஸ்ரீரங்கத்துப் பெருமாள்மேல் தியாகராஜர் செய்த 'ஓ ரங்கசாயி'யை எடுத்தார். "கே.வி.என். குரல்தான்" என்றார் தாத்தா. "டி.கே. ஜெயராமன். பத்து காபி பந்தயம்" என்றார் போஸ்ட்மாஸ்டர். வாத்தியார், செம்மங்குடியின் சிஷ்யர்களில் ஒருவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பப் பார்த்தார்.

தனியாவர்த்தனம் வந்தபோது செல் இறங்க ஆரம்பித்தது. மிருதங்கம் கஞ்சிராவாகி, கஞ்சிரா கொசுவாயிற்று. தாத்தா செல்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், துணியில் சுற்றி மடியில் சூடு பண்ணிப் போட்டார். மூன்று நிமிஷம் பாடியது. மறுபடி தேய்த்தார், ஒரு நிமிஷம். பத்தே முக்காலுக்குப் பெட்டி அடங்கிப்போயிற்று. ஊரில் இருந்த இன்னொரு டிரான்சிஸ்டர் வாத்தியாருடையது. அதில் செல் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. கரண்ட் வந்தபோது மணி பதினொன்றேகால். திருச்சி தூங்கிவிட்டது.

காலையில் பேப்பரைப் பார்த்துவிடலாம் என்று எழுந்தால், விடியற்காலை பஸ்ஸில் மன்னார்குடி போன சித்தப்பாவிடம் பாட்டி அதில்தான் அப்பளம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். சித்தப்பா அங்கே அப்பளத்தைக் கொடுத்தார், பேப்பரை அடுப்பில் போட்டார்கள். தை பிறந்தும் வழக்கு தீரவில்லை. கடைசியில் தாத்தா வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டார். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாரம் தவறாமல் காத்திருந்தோம். பதில் வந்த அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மேலத்தெருவிலிருந்து போஸ்ட்மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயா! ரேடியோல உங்க பேரைச் சொன்னாங்க! ஊர் பேரோட சொன்னாங்க!"

"யாருன்னு சொன்னாங்க?"

"உங்களைத்தான்!"

"பாடினது யாருன்னு சொன்னாங்க?"

போஸ்ட்மாஸ்டர் அப்படியே நின்றார். பேரைக் கேட்டதுமே சொல்ல ஓடிவந்துவிட்டார், பாவம்.

இப்போது கரண்ட் கவலை கிடையாது, செல் கவலை கிடையாது. ஆகாசவாணி கைபேசியிலேயே கேட்கிறது. சாஸ்திரிய சங்கீதத்துக்கென்று 2016-லிருந்து 'ராகம்' என்று தனியாக ஓர் அலைவரிசையே இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. பேரன் வேண்டிய பாட்டை வேண்டிய நொடியில் தட்டி எடுக்கிறான். நான் எடுப்பதில்லை. வருவதைக் கேட்கிறேன். நரசிங்கன்பேட்டை உளிச் சத்தத்தையும் ஊஞ்சல் கிறீச்சையும் காம்போதியையும் ஒரே சாயங்காலத்தில் கோத்துத் தா என்று கேட்க எனக்குத் தோன்றியிருக்குமா? தானாக வந்ததால்தான் கிடைத்தது. முதல் அறிவிப்பின்போது இன்றைக்கும் ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.

1982 மார்கழி, சனிக்கிழமை இரவு, அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. ஆண் குரல். விஸ்தாரமான காம்போதி, 'ஓ ரங்கசாயி', பிறகு தனி. அன்றைக்கு உங்கள் ஊரில் கரண்ட் இருந்து, கடைசி அறிவிப்பைக் கேட்டிருந்தீர்கள் என்றால், தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள். பத்து காபி பாக்கி நிற்கிறது.